பூச்சியம் கொடுத்தால்

யதுஷா எழுதுவதை யாரும் ஆசைக்கு வாசிப்பதில்லை. அவசரத்துக்குத்தான் வாசிப்பார்கள். எங்கோ ஒரு புரோகிராமர் வேலைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவளுடைய பக்கத்தைத் திறப்பான். வேண்டிய ஒரு வரியைப் பார்ப்பான், மூடிவிட்டுப் போய்விடுவான். எழுதியது யாரென்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் பெயர் இருப்பதுமில்லை. ஏழு வருடமாக அவளுக்கு அதில் ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. ஒருவன் திரும்பி வந்து கேள்வி கேட்காவிட்டால் தான் எழுதியது விளங்கிவிட்டது என்றே அவள் எடுத்துக்கொள்வாள்.

கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய கட்டடமொன்றின் பதினான்காம் மாடியில் அவளுடைய கம்பனி இருந்தது. மருந்துக் குளிர்பெட்டி, உறைநிலைத் தாங்கி போன்றவற்றின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவிகளுக்கு அவர்கள் ஒரு மென்பொருள் நூலகம் செய்து விற்றார்கள். வெளியில் உள்ள புரோகிராமர்கள் அதை வாங்கித் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்வார்கள். அந்த நூலகத்தில் இருநூற்றுப் பதினான்கு ப்ரொப்பட்டிகள் இருந்தன. ப்ரொப்பட்டி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற இடம். எத்தனை பாகையைத் தாண்டினால் அலாம் அடிக்க வேண்டும் என்பது ஒன்று, யாருடைய போனுக்கு அடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அது என்ன, எந்த அலகு, எதுவும் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நாலைந்து வரி எழுதி வைப்பதுதான் யதுஷாவின் வேலை.

வெசாக் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை அவள் வந்து உட்கார்ந்தபோது, வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் அவளுக்கும் அனுப்பப்பட்டிருந்தது. எழுதியவர் அஸாம் என்பவர். கொட்டாஞ்சேனையில் சிறிய மென்பொருள் கடை வைத்திருப்பவர். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை நிலையமொன்றுக்கு அவர்தான் கண்காணிப்பு மென்பொருள் செய்து கொடுத்திருந்தார். அந்த நிலையத்தில் கருக்களை உறைய வைத்துப் பாதுகாக்கும் தாங்கி ஒன்று விடுமுறைக்குள் பழுதாகிவிட்டது. ஒன்பது மணித்தியாலமாக உள்ளே சூடு ஏறியிருக்கிறது. ஒருவருடைய போனும் அடிக்கவில்லை. பதினொரு தம்பதிகளின் கருக்கள் அதற்குள் இருந்தன.

கடைசி வரியில் அஸாம் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. அலாம் தாமதம் என்ற ப்ரொப்பட்டிக்கு நான் பூச்சியம் கொடுத்திருந்தேன். ஏன் அது அடிக்கவில்லை?

பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே யதுஷாவுக்கு இருக்கவில்லை. ஆங்கிலத்தில் அவள் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'வெப்பநிலை எல்லையைத் தாண்டிய பின், அலாம் அடிப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய நிமிடங்கள்.' ஐந்து என்று கொடுத்தால் ஐந்து நிமிடம் காத்திருக்கும். பத்து என்றால் பத்து. பூச்சியம் என்றால் காத்திருக்காமல் உடனே அடிக்கும் என்றுதான் அதை வாசிக்கிற எவரும் நினைப்பார்கள்.

ஆனால் பூச்சியம் கொடுத்தால் அலாம் அடிக்கவே அடிக்காது. நூலகத்துக்குள் பூச்சியத்துக்கு 'அலாம் வேண்டாம்' என்றுதான் அர்த்தம்.

அது அவளுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்தை எழுதும்போது, அந்த ப்ரொப்பட்டியைச் செய்த, பக்கத்து மேசை நப்ரீஸிடம் அவள் கேட்டிருந்தாள்.

"பூச்சியம் குடுத்தால் என்ன நடக்கும், நப்ரீஸ்?"

"ஓஃப் ஆகிரும்," என்றான் நப்ரீஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது சும்மா நாங்க டெஸ்ட் பண்றதுக்கு வெச்சது யது. அலாம் வாங்கிட்டு அத ஓஃப் பண்ண யாரு பூச்சியம் குடுக்கப் போற?"

அன்று புதன்கிழமை. வெள்ளிக்குள் இன்னும் அறுபது பக்கங்கள் முடிக்க இருந்தது. வரைவின் ஓரத்தில் 'பூச்சியம்?' என்று ஒரு குறிப்புப் போட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மிஞ்சியிருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தபோது அதையும் அழித்தாள். அழித்த கணம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. யாரோ லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கிளெமென்ற் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் அவளுடைய பிரிவின் தலைவர். சத்தம் போடாதவர், பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் தானே கேக் வாங்கி வருகிறவர். அன்று கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே கதைத்தார்.

"அந்தப் பக்கத்தில ஒரு வரி சேர்க்கணும் யதுஷா. பூச்சியம் குடுத்தா அலாம் வேலை செய்யாது எண்டு. இப்பவே."

"ஓம். நானும் அதுக்குத்தான் திறந்து வச்சிருக்கிறன்."

"நல்லது." கொஞ்சம் நிறுத்தினார். "கீழ வார திகதி இருக்கே, கடைசியாத் திருத்தினது எண்டு. அது பழையபடியே இருக்கட்டும்."

அந்தத் திகதி தானாக விழுவது. வேண்டுமானால் கையால் மாற்றவும் முடியும். ஒருநாளும் யாரும் மாற்றியதில்லை.

"ஏன் சேர்?"

"எங்கட சட்டத்தரணி அப்பிடித்தான் சொல்றார். நாங்க பொய் ஒண்டும் எழுதலயே. பக்கத்தில இருக்கப்போறது உண்மைதானே."

அவள் மேசைக்குத் திரும்பி வரியைச் சேர்த்தாள். திகதியைப் பழையபடி வைத்தாள். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பக்கம் இப்போது மிகத் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக ஒரு பக்கத்தை அவள் வேறு எங்கும் எழுதியதில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவள் பக்கத்தை மூடினாள்.

மத்தியானம் படிக்கட்டில் நப்ரீஸ் அவளை மறித்தான். முகம் வெளிறியிருந்தது.

"யது, அண்டைக்கி நாம பேசினத யார்கிட்டயும் செல்ல வாணாம். ப்ளீஸ். என்ட புள்ளைக்கி இன்னம் மூணு மாசம்கூட ஆகல்ல."

"ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல நப்ரீஸ்."

"கேட்டா?"

அவள் அவனை விலகிக்கொண்டு படி இறங்கினாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவளும் கணவன் கார்த்திகனும் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். பின்னேரம் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். கார்த்திகன் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன், எதையும் நிதானமாகப் பார்க்கப் பழகியவன்.

"நீ எழுதினது பிழையில்ல யது. நிமிசம் எண்டு எழுதினாய், நிமிசம்தானே. ஒரு விசயத்தை எழுதாமல் விட்டாய். அது குறை. பிழை வேற, குறை வேற."

"உங்கட பிள்ளையள் சோதினையில அப்பிடிச் சொன்னால் புள்ளி போடுவீங்களோ?"

கார்த்திகன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று கடந்து போனது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. பிறகு அவன் எழும்பிப் போய் சோற்றைச் சூடாக்கினான்.

அந்தக் கிழமைக்குள் கம்பனி அஸாமுக்குப் பதில் அனுப்பியது. பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து, 'பூச்சியம் கொடுத்தால் நடப்பது எமது விளக்கத்தில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தார்கள். அந்த வசனம் யதுஷா எழுதியதல்ல. ஆனாலும் அதில் இருந்த 'தெளிவாக' என்ற சொல் பல நாள் அவளைத் தூங்க விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் கருத்துப் பெட்டி வழியாக அவளுக்கு ஒரு செய்தி வந்தது. இந்தப் பக்கத்தை எழுதியவரோடு ஒரு தடவை பேச முடியுமா, சண்டை பிடிக்க அல்ல, ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தது. கீழே அஸாமின் பெயரும் விலாசமும் இருந்தன.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். கார்த்திகனிடமும் சொல்லவில்லை.

அஸாமின் கடை ஜம்பட்டா வீதியில், இரும்புச்சாமான் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது. ஐம்பது வயதிருக்கும். நேர்த்தியாக வெட்டிய தாடி, மூக்கில் புத்தம்புதுக் கண்ணாடி. அவருடைய மனைவி ஹமீமா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோடு நின்றாள்.

"தங்கச்சி, நீங்கதானா அத எழுதின?"

"ஓம் நானா," என்றாள், அவரை அண்ணன் முறை வைத்து.

"கோவிக்க வாணாம். நான் ஒங்கள கொற சொல்லக் கூப்புடல்ல." அவர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். பக்கம் திறந்திருந்தது. அவள் சேர்த்த வரி கொட்டை எழுத்தில் இருந்தது. "மொதல்ல அஞ்சு நிமிஷம் வெச்சி டெஸ்ட் பண்ணினேன். சரியா அடிச்சிச்சி. கடசி நாள் டொக்டர் கோல் பண்ணி, ஒரு நிமிஷமும் பிந்தப்படாது எண்டு சென்னாரு. நான் ஒங்கட பக்கத்த தொறந்து பாத்துத்தான் பூச்சியம் போட்டேன். போட்டுட்டு திரும்ப டெஸ்ட் பண்ணல்ல. அது என்ட தப்பு. அத நான் எங்கயும் ஒத்துக்கொள்றேன்."

புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா இந்த வரி. இவ்வளவு பெருசா ஈக்கிது. இத நான் எப்பிடிக் காணாமப் போனேன்? அதான் எனக்கு வெளங்கல்ல. கண் டொக்டர்ட்ட போய்க் காட்டினேன். கண்ணாடியும் மாத்தினேன். இப்ப ஒரு வேலையும் செய்யப் பயமா ஈக்கிது. நாலு தரம் வாசிச்சாலும், இன்னம் ஏதோ ஒரு வரிய உட்டுட்டேன் எண்டே தோணுது."

"ராவெல்லாம் அந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சிட்டே ஈக்கிறார்," என்றாள் ஹமீமா கதவடியிலிருந்து. "நம்ம வாப்பாக்கும் வயசு போகப் போக இப்பிடித்தான் மறதி வந்திச்சி எண்டு செல்றார். நாப்பத்தொம்பது வயசு மனுசன்."

யதுஷா தேநீர்க் கோப்பையை எடுத்தாள். குடிக்காமல் திரும்ப வைத்துவிட்டாள். வரும் வழியெல்லாம் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வைத்தே யோசித்து வைத்திருந்தாள். அவர் தன் கண்ணையே சந்தேகப்படுவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"நானா, உங்கட கண்ணில ஒண்டுமில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் வாசிக்கேக்க அந்த வரி அதில இல்ல. அது நடந்தாப் பிறகு, திங்கட்கிழமை காலமை நான்தான் சேர்த்தனான். திகதியையும் மாத்தாமல் விட்டனான். அதுக்கு இரண்டு வருசத்துக்கு முந்தியே பூச்சியம் குடுத்தால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். கேட்டனான், பதிலும் வந்தது. எழுதாமல் விட்டது நான்தான்."

அஸாம் கண்ணாடியை மேசையில் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஹமீமா ஓடிவந்து அவருடைய முதுகில் கை வைத்தாள். யதுஷாவைத் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய கண்ணில் நன்றி இருக்கவில்லை.

"ரெண்டு கெழம," என்றாள் ஹமீமா. "ரெண்டு கெழம இந்த மனுசன் தனக்குப் பைத்தியம் எண்டு நெனச்சிட்டு ஈந்தாரு. நீங்க இப்பதான் வாரீங்க."

யதுஷா தலையைக் குனிந்துகொண்டாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அடுத்த நாள் காலை அவள் நேராகக் கிளெமென்ற்றின் அறைக்குப் போனாள்.

"அந்தப் பக்கத்தில நான் ஒரு குறிப்புப் போடப்போறன் சேர். போட்டுட்டுச் சொல்லாமல், சொல்லிட்டுப் போடுறன்."

"என்ன குறிப்பு?"

"மே மாசம் இருபத்தேழாம் திகதி வரைக்கும் இந்த வரி இதில இருக்கேல்ல எண்டு. அதுக்கு முந்தி வாசிச்ச ஆக்கள் தங்கட அமைப்பைத் திரும்பப் பாக்கச் சொல்லி."

கிளெமென்ற் கதிரையில் சாய்ந்தார். "எங்கட கம்பனிக்கு எதிரா நீங்களே சாட்சி எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கு அது."

"சேர், எங்கட பக்கத்தை ஆரும் இரண்டாம் தரம் வாசிக்க மாட்டினம். ஒருக்காப் பாத்துப் பூச்சியம் போட்ட ஆக்கள் இன்னும் எத்தினை பேர் இருப்பினம்? மாத்தினது எண்டு சொல்லாட்டில் அவைக்கு எப்பிடித் தெரியவரும்? எந்தெந்தத் தாங்கியில இப்பவும் அலாம் இல்லாமல் இருக்குதோ, ஆருக்குத் தெரியும்?"

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "நான் உங்கள இண்டைக்குக் காணல," என்றார் கடைசியில்.

ஒன்பதரை மணிக்கு அவள் குறிப்பைப் போட்டு, திகதியையும் சரியாக்கினாள். பத்தே முக்காலுக்கு அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பதினொரு மணிக்கு ஆளணிப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, மிகவும் மரியாதையாக, அவளுடைய கைப்பையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். குறிப்பை நீக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் மூன்று இடங்களிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. எங்களிடமும் பூச்சியம்தான் இருந்தது, இப்போதுதான் மாற்றினோம் என்று. அவற்றில் ஒன்று ஒரு தடுப்பூசிக் களஞ்சியம். அதற்குப் பிறகு அந்தக் குறிப்பை நீக்கக் கிளெமென்ற் மறுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவருக்கு என்ன ஆனது என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணிவு வரவில்லை.

தாங்கி பழுதானது பற்றி அரசு அமைத்த குழுவின் விசாரணை ஓகஸ்டில் நடந்தது. பாதிக்கப்பட்ட தம்பதிகளும் இருந்து கேட்க, குழுவின் முன் யதுஷா இருபது நிமிடம் பேசினாள். யாரிடம் கேட்டாய் என்று கேட்டார்கள். நப்ரீஸின் பிள்ளை அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அவன் பெயரைச் சொன்னாள். அவன் அப்படிச் சொன்னது உண்மை, அதை எழுதாமல் விட்டது தன்னுடைய வேலை என்று இரண்டையும் சேர்த்தே சொன்னாள். அவளுக்குப் பின் பேச எழும்பிய நப்ரீஸ், அப்படி ஒரு பேச்சு நடந்ததாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றான். வெளியே வந்து, அவளைப் பார்க்காமல் படிக்கட்டில் இறங்கிப் போனான். ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். அவள் அவனை மறிக்கவில்லை.

முடிவு ஒக்டோபரில் வந்தது. சிகிச்சை நிலையம், அஸாம், கம்பனி மூவருக்கும் பங்கு உண்டு என்று குழு எழுதியது. அஸாம் மீதிருந்த பழி முழுதாக நீங்கவில்லை, முழுதாக ஒட்டவுமில்லை. கடிதங்களை நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி எல்லாரையும் அழைத்திருந்தார்கள். யதுஷா தன் பிரதியை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தபோது, சுவரோரம் கிடந்த நீள வாங்கிலில் இருந்த ஒரு பெண் எழும்பினாள். நாற்பது கடந்தவள், பருத்திச் சேலை, கையில் அதே வெள்ளைக் கடிதம்.

"நீங்கள்தானே அந்தப் பக்கம் எழுதினனீங்கள்? விசாரணையில நீங்கள் சொன்னதைக் கேட்டனான்."

"ஓம்."

"நான் ரூபிகா. கிருலப்பனை. எங்கட கரு இரண்டு அதுக்குள்ள இருந்தது. கடைசி இரண்டு. இனிப் புதுசா எடுக்க ஏலாது எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யதுஷா மாதக் கணக்காக நினைத்து வைத்திருந்த ஒரு வசனமும் அந்த இடத்தில் நிற்கவில்லை.

"அங்க காட்டின பழைய பக்கத்தை நானும் வாசிச்சுப் பாத்தன்," என்றாள் ரூபிகா. "எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. எனக்கே விளங்கிச்சு. அதுதான் கோவம். விளங்காமல் எழுதியிருந்தால் அந்த மனுசன் ஆரிட்டயாவது கேட்டிருப்பார்."

"ஓம்," என்றாள் யதுஷா. "கேட்டிருப்பார்."

ரூபிகா கடிதத்தை நீட்டினாள். "இதை நானும் என்ர அவரும் நாலு தரம் வாசிச்சிட்டம். இந்த மூண்டாம் பந்தி. எழுதுறது உங்கட தொழில்தானே. இதில என்ன சொல்லி இருக்கினம் எண்டு சொல்லுங்கோ."

அது ஆங்கிலத்தில் இருந்தது. மேற்படி மாதிரிகளின் உயிர்ப்புத் தன்மையை உறுதிப்படுத்தக்கூடிய நிலைமை தற்போது காணப்படவில்லை என்றும், மேலதிகப் பாதுகாப்பு பயனளிக்கும் எனக் கருதுவதற்குப் போதிய அடிப்படை இல்லை என்றும் இழுத்து இழுத்து எழுதியிருந்தார்கள். யதுஷா இரண்டு தரம் வாசித்தாள். அதற்குள் எங்கேயாவது ஒரு சின்ன இடைவெளி, ஒரு 'ஒருவேளை' இருக்கிறதா என்று தேடினாள். இருக்கவில்லை. இருப்பது போல மட்டும் எழுதியிருந்தார்கள்.

ரூபிகா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உறுதிப்படுத்தேல்ல எண்டால், இன்னும் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டோ? அவர் அப்பிடித்தான் சொல்லுறார். இன்னும் கொஞ்ச நாளில ஒரு பதில் வரும் எண்டு."

தாழ்வாரத்தில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். யதுஷா அவளை வாங்கிலில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தாள்.

"இல்ல அக்கா. இனி ஒரு பதிலும் வராது. அந்த இரண்டும் செத்துப் போச்சு. அண்டைக்கே போச்சு. இதில எழுதியிருக்கிறது அதுதான்."

ரூபிகா அசையவில்லை. பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அஞ்சு மாசம்," என்றாள். "ஒருத்தரும் அதைச் சொல்லேல்ல."

கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அழவில்லை. எழும்பிப் போகவுமில்லை. யதுஷாவை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, யதுஷா அதைக் கேட்கவுமில்லை. ரூபிகா தன் கணவனுக்குப் போன் எடுத்து வரச் சொன்னாள். அவர் வரும்வரை, இருபது நிமிடத்துக்கு மேல், இருவரும் அந்த வாங்கிலிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.